உடன்படிக்கையும் விசுவாசமும்: எபிரேய வேதம் பற்றி ஒரு நோக்கு

சமய நூல்களை இலக்கியமாகவும் சமுதாய வரலாற்றுச் சான்றாகவும் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே இன்னும் நன்கு வேரூன்றவில்லை. பக்தர்கள் அவற்றை வழிபடுகின்றனர். அவர்களோடு மாறுபடுவோர் அவற்றைப் புறக்கணிக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் ஒரு விடயத்தில் ஒற்றுமை உடையர். நூலை ஊன்றிப் படிக்க வேண்டிய கடமையிலிருந்து இருவருமே தம்மை விடுவித்துக்கொண்டுள்ளனர். எபிரேய வேதத்திற் காணப்படும் உடன்படிக்கை என்னும் கருத்து இவ்வாறு படிக்கப்படாமலே போற்றப்பட்டும் இகழப்பட்டும் வந்துள்ள ஒன்றாகும்.

கடவுள் ஒரு மக்கட் கூட்டத்தோடு உடன்படிக்கை செய்தார். அம்மக்கள் கேள்வி கேளாது அவரை நம்பிக் கீழ்ப்படிதல் வேண்டும். அவ்வாறு நம்புதலே விசுவாசம் என்பது போதகர் கூறும் விளக்கம். மக்களை அடக்கி ஆள்வதற்குக் குருமார் கண்ட தந்திரமே உடன்படிக்கை என்பது நம் முற்போக்கு அணியினருட் பலர் கூறும் விளக்கம். மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையில் மதத்தை அபினியோடு ஒப்பிட்டதை மட்டும் நினைவிற்கொண்டு, அதே இடத்தில் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் துன்பத்துக்கெதிரான கண்டனமாகவும் அவர் கண்டதை மறந்துவிடுவோர் இவர்கள். இவ்விரு விளக்கங்களும் போதா என்பதே நமது கருத்து. அதனை நிறுவுதற்கு நூலுக்குள்ளேயே செல்லுதல் வேண்டும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கிறித்தவர் பழைய ஏற்பாடு என்று வழங்கும் தொகுதியே யூதரின் எபிரேய வேதம். 'பழைய' என்னும் அடைமொழி பின்வந்தோர் இட்டது. 'ஏற்பாடு' என்னும் சொல்லோ உடன்படிக்கையையே குறிப்பது. ஆகவே நூலின் பெயரிலேயே நமது பொருள் அமைந்து கிடக்கின்றது. இந்நூலைத் தமிழாக்கும் பணியில், யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் உழைத்தமையும், அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தமையும் யாவரும் அறிந்தன. சைவத்துக்காக வாதாடிய ஒருவர் பிறர் வேதத்தை வரிவரியாகக் கற்றார். விசுவாசிகளே வேதத்தைப் படித்தற்குரியர் என்னும் எண்ணம் நம் மண்ணில் அன்றே பொய்யாயிற்று எனலாம்.

உடன்படிக்கைக்கு எபிரேய மொழியில் வழங்கும் சொல் 'பெரித்' என்பது. அம்மொழியில் உடன்படிக்கையைச் 'செய்தல்' என்பதினும் 'வெட்டுதல்' என்பதே பெருவழக்கு. இவ்வழக்கின் பின்னே ஒரு சடங்கு உள்ளது. விலங்கொன்றை இரு கூறாக வெட்டி வைப்பர். உடன்படுவோர் அத்துண்டங்களுக்கிடையே நடந்து செல்வர். சொல் தவறின் இவ்விலங்குக்கு நேர்ந்தது தமக்கும் நேர்க என்பதே அந்நடையின் பொருள். கி. மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிரியாவிலுள்ள செபிரே என்னுமிடத்துக் கல்வெட்டுக்களில், வெட்டப்பட்ட கன்றைக் காட்டி உடன்படுவோனை எச்சரிக்கும் இவ்வகைச் சாபம் இடம்பெறுகின்றது. எனவே இச்சடங்கு இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து அரசியல் வழக்கு அது.

சடங்கு மட்டுமன்றி உடன்படிக்கையின் வடிவமும் அரசியலிலிருந்தே வந்தது. கி. மு. பதினான்காம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஹித்தைத்துப் பேரரசர் தமக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசரோடு செய்த ஒப்பந்தங்கள் களிமண் பலகைகளிற் கிடைத்துள்ளன. பேரரசன் தன் பெயர் கூறுவான்; தான் முன்பு செய்த நன்மைகளை எடுத்துரைப்பான்; கடமைகளை விதிப்பான்; ஒப்பந்தத்தைக் கோயிலில் வைத்து இடையிடையே வாசிக்குமாறு பணிப்பான்; தெய்வங்களைச் சாட்சிக்கு அழைப்பான்; ஈற்றில் ஆசியும் சாபமும் கூறுவான். சீனாய் மலையடிவாரத்து உடன்படிக்கை இவ்வமைப்பை ஒத்திருத்தலை 1954இல் ஜோர்ஜ் மெண்டன்ஹோல் என்னும் அமெரிக்க அறிஞர் விரிவாக எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே, 1955இல், ஈராக்கின் நிம்ருத் அகழ்வில் அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் கி. மு. 672இல் தன் வாரிசின்பொருட்டுப் பெற்ற விசுவாசப் பிரமாணப் பலகைகள் வெளிவந்தன. அதே பிரமாணத்தின் வேறொரு படி 2009இல் துருக்கியின் தெல் தாயினாத்திற் கிடைத்தது. வானம் வெண்கலமாகவும் நிலம் இரும்பாகவும் மாறுக என்னும் சாபம் எசர்ஹத்தோனின் பலகையிலும் உண்டு, உபாகமத்திலும் உண்டு. துரோகம் பேசுவோன் உடன்பிறந்தவனாயினும் மறைக்கலாகாது என்னும் கட்டளை இரண்டிலும் உண்டு. அக்காலத்து யூதாவின் மன்னன் மனாசே அசீரியாவுக்குத் திறை செலுத்தியவன் என்பதையும் இவற்றோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இவ்வொற்றுமைகள் எதனைக் காட்டுகின்றன? கடவுட் கருத்து வானிலிருந்து இறங்கியதன்று. தன் காலத்து அதிகார உறவுகளின் மொழியிலேயே அது உருப்பெற்றது என்பதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன. ஆனால் நம்மவர் பலர் இவ்விடத்திலே ஆய்வை நிறுத்திக்கொள்வர். இரவல் பெற்ற வடிவம் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதே அடுத்து எழவேண்டிய வினா. பேரரசனுக்குச் செலுத்தவேண்டிய விசுவாசப் பிரமாணத்தை எடுத்து, அரண்மனையும் படையும் இல்லாத ஒரு தெய்வத்துக்கு அதனைச் செலுத்தினர் உபாகமத்தை ஆக்கியோர். ஒருவனுக்கு முழு நெஞ்சையும் கொடுத்த பின் மற்றவனுக்குக் கொடுக்க நெஞ்சு ஏது? அசீரியப் பேரரசின் பிடி தளர்ந்துகொண்டிருந்த காலத்தில், கி. மு. 622 அளவில், யோசியா மன்னன் ஆலயத்திற் கண்டெடுக்கப்பட்ட ஒரு நூலை மக்கள்முன் வாசித்து உடன்படிக்கை செய்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் நூல் கூறுகின்றது. அந்நூல் உபாகமத்தின் மூலப்பகுதியாகும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இன்னுமொரு மாற்றம் இதனினும் முக்கியமானது. ஹித்தைத்து, அசீரிய ஒப்பந்தங்களிற் பேரரசனோடு உடன்படுவோன் சிற்றரசன். குடிமக்கள் அவனுக்குப் பின்னே நிற்போர். உபாகமத்திலோ உடன்படும் கட்சி மக்கள் முழுவதும். மூப்பர், குழந்தைகள், பெண்கள், பாளையத்திலுள்ள அந்நியன், விறகு வெட்டுவோன், தண்ணீர் மொள்ளுவோன் ஆகிய யாவரும் அங்கு நிற்கின்றனர். மன்னனோ குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளியையும் பெருக்கலாகாது என்று தடுக்கப்படுகின்றான். சட்டத்தின் படியொன்றை வைத்துத் தன் வாழ்நாளெல்லாம் வாசிக்குமாறு பணிக்கப்படுகின்றான். ஏழாண்டுக்கொருமுறை இச்சட்டத்தைப் பெண்களும் பிள்ளைகளும் கேட்க உரத்து வாசித்தல் வேண்டும். அவ்வாசிப்புக்குக் குறிக்கப்பட்ட ஆண்டு கடன்கள் தள்ளுபடியாகும் விடுதலை ஆண்டாகும். தம் கடன் தீரும் நாளிலே தம் உரிமை இன்னதென்று ஏழைகள் காதாரக் கேட்டல் வேண்டும் என்னும் ஏற்பாடு இது.

இனி விசுவாசத்துக்கு வருவோம். எபிரேயத்தில் இதற்குரிய வினையடி உறுதி, நிலைபேறு என்னும் பொருள்களைத் தழுவியது. 'ஆமென்' என்று நாம் அறிந்த சொல்லும் அவ்வடியிற் பிறந்ததே. அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் சோர்ந்த கைகளை இருவர் இருபுறமும் தாங்கிப் பிடிக்க, அவை சூரியன் மறையுமட்டும் 'எமூனா' ஆயிருந்தன என்று யாத்திராகமம் கூறும். கைகள் விசுவாசமாயிருந்தன என்று இதனைப் பெயர்த்தல் இயலாது. அசையாது நின்றன என்பதே பொருள். எனவே எபிரேய வேதத்தின் விசுவாசம் கண்ணால் காணாததைக் கருத்தால் ஒப்புக்கொள்ளுதல் என்பதைவிட, கொடுத்த சொல்லில் தளராது நிற்றல் என்பதற்கே அண்மையானது. அதுவும் தனியொருவனால் இயலாதபோது பிறர் தாங்க நிற்பது.

இவ்விசுவாசம் மௌனத்தைக் கோருவதன்று. ஆதியாகமம் ஆபிரகாமை விசுவாசத்தின் முன்மாதிரியாகக் காட்டுகின்றது. அவன் விலங்குகளைப் பிளந்து வைத்தபோது அவற்றிடையே நடந்தவன் அவனல்லன், உறக்கத்தில் ஆழ்ந்திருந்தான். புகையும் சூளையும் தீப்பந்தமும் அவற்றிடையே சென்றன என்கிறது கதை. வலியோனே சாபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான் என்பது இதன் கருத்து. இவ்வாறு சொல் பெற்ற ஆபிரகாம், சோதோம் நகரை அழிக்கக் கடவுள் எண்ணியபோது எதிர்நின்று வாதாடுகின்றான். நீதிபதியே நீதி தவறலாமோ என்று கேட்கின்றான். ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர்மட்டும் பேரம் பேசுகின்றான். நாற்பத்துநான்காம் சங்கீதத்தைப் பாடியோர், தாம் உடன்படிக்கையை மீறாதிருக்கவும் தம்மை ஆடுகளைப்போலக் கொல்லக் கொடுத்ததேன் என்று கடவுளையே குற்றஞ்சாட்டுகின்றனர். அடிமைக்கும் ஆண்டானுக்குமிடையே கட்டளை மட்டும் உண்டு, வழக்கு இல்லை. உடன்படிக்கை என்று ஒன்று ஏற்பட்டபின் மெலியோனுக்கும் வழக்குரைக்கும் உரிமை பிறக்கின்றது. போதகர் விளக்கம் இவ்வுரிமையை முற்றாக மறைத்துவிடுகின்றது.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்றதா என்னும் ஐயம் எழலாம். 1960இல் இஸ்ரேலின் கடற்கரையோரம் யாவ்னேயாம் அருகே ஒரு பழைய கோட்டையில் எழுத்துள்ள மட்கல ஓடொன்று கண்டெடுக்கப்பட்டது. கி. மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது அது. அறுவடைக் கூலியாள் ஒருவனின் முறைப்பாடு அதில் வரையப்பட்டுள்ளது. தன் வேலையை அளவுப்படி முடித்துவிட்டதாகவும், அவ்வாறிருக்க மேற்பார்வையாளன் ஒருவன் தன் ஆடையைப் பறித்துக்கொண்டதாகவும், உடன் அறுத்தோர் யாவரும் தனக்குச் சாட்சி கூறுவர் என்றும், ஆடையைத் திரும்பப் பெற்றுத்தருமாறும் அவன் அதிகாரியிடம் முறையிடுகின்றான். ஈடாக வாங்கிய ஏழையின் ஆடையை ஞாயிறு மறையுமுன் திருப்பிக் கொடுக்குமாறு விதிக்கும் யாத்திராகமச் சட்டம் உடனே நம் நினைவுக்கு வரும். அக்கூலியாள் அச்சட்டத்தைச் சுட்டவில்லை. ஆனால் அச்சட்டம் எந்த மண்ணிலிருந்து எழுந்தது என்பதனை அவ்வோடு நமக்குக் காட்டுகின்றது. கடனும் அடகும் கடனுக்காக அடிமையாதலுமே அம்மண்ணின் உழவர் வாழ்க்கை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஆமோஸ் தீர்க்கதரிசி, ஒரு சோடி மிதியடியின் விலைக்கு ஏழையை விற்போரைக் கண்டித்தார்.

கடன் தள்ளுபடியும் எபிரேயரின் தனிக்கண்டுபிடிப்பன்று. கி. மு. பதினேழாம் நூற்றாண்டிற் பாபிலோனை ஆண்ட அம்மிசதூக்கா போன்ற மன்னர் கடன்களைத் தள்ளிக் கடனடிமைகளை விடுவித்து ஆணை பிறப்பித்தனர். எபிரேயத்தில் விடுதலையைக் குறிக்கும் 'தெரோர்' என்னும் சொல் அம்மன்னரின் ஆணைச் சொல்லுக்கு இனமான சொல்லே. ஆயினும் மெசப்பொத்தேமிய மன்னன் தான் விரும்பியபோது விடுவித்தான். அது அவன் கருணை. உபாகமமும் லேவியராகமமும் அதனை மன்னனின் கையிலிருந்து எடுத்து ஆண்டுக் கணக்கில் வைத்தன. ஏழாம் ஆண்டு வந்தால் அடிமை வெளியேறுவான். வெறுங்கையோடன்றி, மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் ஒரு பங்கு பெற்று வெளியேறுவான். கருணையாயிருந்தது கால ஒழுங்குள்ள உரிமையாக மாறியமையே உடன்படிக்கையின் சமுதாய உள்ளடக்கம் என நாம் துணிந்து கூறலாம்.

சட்டம் ஏட்டில் இருந்தது. உடைமை சிலர் கையில் இருந்தது. இவ்விரண்டும் மோதியபோது நிகழ்ந்ததை எரேமியாவின் நூல் முப்பத்துநான்காம் அதிகாரம் சித்திரிக்கின்றது. எபிரேய வேதத்தில் உடன்படிக்கை பற்றி நாம் படிக்கக்கூடிய பகுதிகளுள் இதுவே மிகக் கூர்மையானது என்பது நமது கணிப்பு. போதகர் இதனை அதிகம் எடுத்தாளுவதில்லை.

பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. யூதாவின் அரணுள்ள நகரங்களுள் லாகீசும் அசெக்காவும் மட்டுமே எஞ்சியிருந்தன என்று நூல் கூறுகின்றது. லாகீஸ் அழிபாடுகளில் 1935இற் கிடைத்த மட்கல ஓட்டுக் கடிதங்களுள் ஒன்று இந்நிலையை நம் கண்முன் நிறுத்துகின்றது. புறக்காவலில் இருந்த ஒருவன் தன் தலைவனுக்கு, அசெக்காவின் அடையாளம் காணப்படவில்லை, லாகீசின் தீச்சமிக்ஞைகளையே பார்த்திருக்கின்றோம் என்னும் கருத்துப்பட எழுதியுள்ளான்.

இந்நெருக்கடியிலே சிதேக்கியா மன்னன் எருசலேம் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்தான். எபிரேய அடிமைகளான ஆண் பெண் யாவரையும் உடையோர் விடுதலை செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆலயத்திலே கன்று வெட்டப்பட்டது. யூதாவின் பிரபுக்களும் எருசலேமின் பிரபுக்களும் அரண்மனை அதிகாரிகளும் குருமாரும் நாட்டுமக்களும் துண்டங்களுக்கிடையே நடந்தனர். அடிமைகள் விடுதலை பெற்றனர். இதற்கான காரணத்தை நூல் விளக்கவில்லை. முற்றுகைக்குள் அடிமைகளுக்கு உணவிடுதல் பாரமாயிற்று என்பர் சிலர். மதிலைக் காக்க ஆள் தேவைப்பட்டது என்பர் சிலர். கடவுளின் தயவைப் பெறக் கருதினர் என்பர் வேறு சிலர். மூன்றும் ஒருங்கே உண்மையாதல் கூடும்.

பின்னர் எகிப்தியப் படை புறப்பட்டு வந்தது. பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தி விலகினர். ஆபத்து நீங்கியதென்று கண்டதும் உடையோர் தாம் விடுவித்தோரை மீளவும் பிடித்து அடிமைகளாக்கினர்.

இவ்விடத்தில் எரேமியாவின் வார்த்தைகளின் அமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். திரும்புதல் என்னும் ஒரு வினை இப்பகுதி முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றது. முதலில் உடையோர் மனந்திரும்பினர். பின்பு தம் சொல்லிலிருந்து திரும்பினர். அடிமைகளைத் திருப்பிக் கொண்டுவந்தனர். ஈற்றில் கடவுள், விலகிப்போன படையைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறார். அவ்வாறே, துண்டங்களைக் கடந்து சென்றோர் என்பதற்கும் உடன்படிக்கையைக் கடந்தோர், அதாவது மீறினோர், என்பதற்கும் எபிரேயத்தில் ஒரே வினையே ஆளப்படுகின்றது. தமிழிலும் 'கடத்தல்' என்னும் சொல்லுக்கு இவ்விரு பொருளும் உண்டாதலின் இந்நயம் நமக்கு எளிதில் விளங்கும். விடுதலை என்னும் சொல்லும் அவ்வாறே திருப்பப்படுகின்றது. நீங்கள் அயலானுக்கு விடுதலை கூறவில்லையாதலின், வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்கள்மேல் விடுதலை கூறுகின்றேன் என்னும் கருத்துப்படத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. குற்றவாளியின் சொற்களைக் கொண்டே அவன்மேல் தீர்ப்பெழுதும் முறை இது. கி. மு. 587 அல்லது 586இல் எருசலேம் வீழ்ந்தது.

நகரம் வீழ்ந்தமைக்கு வரலாற்றாசிரியன் பாபிலோனின் வலிமையைக் காரணமாகக் கூறுவான். அது சரியே. ஆயினும் இந்நூலை ஆக்கியோர் தம் தேசம் அழிந்த நிகழ்ச்சியை விளக்க முற்பட்டபோது, பலியிற் குறைவந்தது என்றோ ஆலயத்திற் சடங்கு பிழைத்தது என்றோ இங்குக் கூறினாரல்லர். உழைப்போனுக்குக் கொடுத்த சொல்லைப் பிரபுக்கள் மீறினர் என்றனர். விக்கிரக வழிபாட்டைக் காரணமாகக் கூறும் பகுதிகள் வேறு பல உண்டு. ஆனால் இவ்வதிகாரத்தில், கடவுளோடு செய்த உடன்படிக்கையை மீறுதலும் அடிமையை மீண்டும் பிடித்தலும் ஒரே செயலாகவே காட்டப்படுகின்றன. உடன்படிக்கை குருமாரின் தந்திரம் மாத்திரமே என்போர், அக்குருமாரையே குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தும் இப்பகுதிக்கு என்ன விடை கூறுவர்?

எனினும் நாம் உற்சாகத்தில் உண்மையை மறைத்தல் தகாது. இவ்வுடன்படிக்கைக்கு எல்லைகள் உண்டு. விடுதலைக்கு உரியோர் எபிரேய அடிமைகள் மட்டுமே. அந்நிய இனத்தாரை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்கு முதுசமாகவும் விட்டுச்செல்லலாம் என்று, விடுதலை ஆண்டைப் பாடும் அதே லேவியராகம அதிகாரம் அனுமதிக்கின்றது. வாக்களிக்கப்பட்ட நிலத்தில் முன்னரே வாழ்ந்த கானானியரை அழித்தொழிக்குமாறு உபாகமம் கட்டளையிடுகின்றது. பேரரசனின் பிரமாணத்தை இரவல் பெற்றோர் அவனது பிரிக்கப்படாத விசுவாசக் கோரிக்கையையும் அதன் கொடுமையையும் சேர்த்தே பெற்றனர் போலும்.

யோசுவா நூல் கூறும் படையெடுப்பைத் தொல்லியல் உறுதிப்படுத்தவில்லை. எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கி. மு. 1208 அளவிலான கல்வெட்டு இஸ்ரவேலைக் குறிப்பிடுகின்றது. அக்காலத்தையொட்டிப் பலஸ்தீன மலைநாட்டில் எழுந்த சிற்றூர்களின் மட்கலங்களும் வாழ்க்கைமுறையும் கானானியருடையவற்றின் தொடர்ச்சியாகவே உள்ளன. நகர மன்னரின் ஒடுக்குமுறையை எதிர்த்து எழுந்த உழவரே ஆதி இஸ்ரவேலர் என்று நோர்மன் கொட்வால்ட் 1979இல் ஒரு பெருநூல் எழுதினார். அவரது கொள்கையைத் தொல்லியலார் அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லையெனினும், இஸ்ரவேலரும் கானானியரும் ஒரே மண்ணின் மக்கள் என்னும் எண்ணம் வலுப்பெற்றுள்ளது. ஆகவே அழித்தொழிப்புக் கதை நடந்த நிகழ்ச்சியின் பதிவாகாது. பிற்காலத்துச் சிந்தனையின் படைப்பாகும். ஆனால் படைப்பிலக்கியமும் வரலாற்றில் வினையாற்றும் என்பதை நாம் அறிவோம்.

தென்னாபிரிக்காவில் 1838 டிசம்பர் 16ஆம் நாள் போயர் குடியேற்றக்காரர் கடவுளோடு நேர்ந்துகொண்ட சத்தியத்தின் துணைகொண்டு சூலு மக்களை ஆயிரக்கணக்கிற் கொன்றதாக நம்பினர். அந்நாள் உடன்படிக்கை நாளாகக் கொண்டாடப்பட்டு, இனவொதுக்கல் ஆட்சியின் திருநாளாயிற்று. 1961இல் ஆபிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவு தன் போராட்டத்தைத் தொடங்க அதே டிசம்பர் 16ஐத் தேர்ந்தது. 1995 முதல் அது நல்லிணக்க நாள். 1974இல் தோன்றி, பலஸ்தீனரின் மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்களை நிறுவ முன்னின்ற 'கூஷ் எமுனிம்' என்னும் இயக்கத்தின் பெயரில், மோசேயின் கைகளைத் தாங்கிய அதே வினையடி உள்ளது. மறுபுறம், அமெரிக்காவின் கறுப்பு அடிமைகள் எகிப்திலிருந்து மீண்ட கதையைத் தம் கதையாகப் பாடினர். அடிமைகளைத் தப்புவித்த ஹரியற் ரப்மனை மோசே என்றழைத்தனர். ஆனால் அந்நாட்டின் ஆதிக்குடிகளில் வந்த ரொபேட் வாரியர் 1989இல் எழுதிய கட்டுரையில், தம் மக்கள் இக்கதையிற் கானானியரின் இடத்திலேயே தம்மைக் காண்கின்றனர் என்று சுட்டினார். விடுதலைக் கதையென்று நாம் மகிழுமுன் இக்குரலுக்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

ஒரே நூல் இருவகையாகவும் பயன்படுவதெங்ஙனம்? நூலுக்குள்ளேயே இரு குரல்கள் பொருதுகின்றன என்பதே விடை. தாவீதின் குலத்துக்கு அரியணை நிபந்தனையின்றி வழங்கப்பட்டது என்பது ஒரு குரல். அது அரண்மனையின் குரல். நீதி செய்தாலன்றி நிலமும் நிலையாது என்பது மற்றைக் குரல். எருசலேமின் வீழ்ச்சியோடு முதலாவது குரல் திகைத்து நின்றது. தாவீதுக்குக் கொடுத்த சொல் என்னாயிற்று என்று எண்பத்தொன்பதாம் சங்கீதம் கலங்குகின்றது. இரண்டாவது குரலே அழிவின் பின்னும் பேச வல்லதாயிருந்தது. கல்லிலன்றி நெஞ்சிலே எழுதப்படும் புதிய உடன்படிக்கை பற்றி எரேமியாவின் நூல் பேசுவது இச்சூழலிலேயாகும்.

நாடு திரும்பிய பின்னரும் போராட்டம் ஓயவில்லை. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் நெகேமியாவின் காலத்தில் ஏழைகள் வயல்களை அடகு வைத்தனர்; அரசிறைக்காகக் கடன்பட்டனர்; தம் புதல்வர் புதல்வியரை அடிமைகளாகக் கொடுத்தனர். அவர்கள் எழுப்பிய கூக்குரலே உடையோரைப் பணியவைத்தது. அதன் பின்னும் ஏழாம் ஆண்டு நெருங்கினாற் கடன் கொடுக்க மறுப்போர் இருந்தனர். ஏழைக்குக் கடனே கிடையாத நிலை வருமென்று அஞ்சிய ஹில்லேல் என்னும் ஆசான், நீதிமன்றத்தின் வழியாகக் கடன் தள்ளுபடியாகாது நிற்க வகைசெய்தார் என்பது யூத மரபு. உடைமை உறவுகள் மாறாதவரையில் நற்சட்டம் தன் எதிர்மறையாகத் திரியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? உடன்படிக்கை நெஞ்சில் எழுதப்படுமென்று காத்திருப்பது போதாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

சமயம் ஒரு பாடமாகப் போதிக்கப்படும் நம் வகுப்பறைகளில் விசுவாசம் என்பது கீழ்ப்படிதலின் மறுபெயராகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றது. அதற்கு மறுப்பாக நாம் மாணவருக்கு ஏளனத்தைக் கற்பித்தல் போதாது. ஆபிரகாமின் வாதத்தையும் சங்கீதக்காரரின் குற்றச்சாட்டையும் எரேமியாவின் முப்பத்துநான்காம் அதிகாரத்தையும் அவர்கள் கையிற் கொடுத்தல் வேண்டும். யார் யாருக்குச் சொல் கொடுத்தனர், எந்த நெருக்கடியிற் கொடுத்தனர், நெருக்கடி நீங்கியதும் என் செய்தனர் என்று வினவப் பழக்குதல் வேண்டும். கானானியன் எங்கே என்று வினவவும் பழக்குதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறுதல் அவசியம். எரேமியாவின் அவ்வதிகாரத்தில் மன்னன் பேசுகின்றான், தீர்க்கதரிசி பேசுகின்றார், கடவுளும் பேசுகின்றார். விடுதலை பெற்று, சில நாட்களிலோ சில வாரங்களிலோ மீண்டும் பிடிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. நகரம் வீழ்ந்தபோது அவர்கள் என்னவாயினர் என்பதையும் நூல் கூறவில்லை. நாட்டின் ஏழைகளுட் சிலர் விட்டுவைக்கப்பட்டு வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் பெற்றனர் என்று மட்டும் பின்னோர் இடத்திற் சொல்லிச் செல்கின்றது. வேதம் பதியாதுவிட்ட அக்குரல், தன் ஆடையைத் திருப்பித் தருமாறு முறையிட்ட கூலியாளின் மட்கல ஓட்டிலே நமக்குக் கேட்கின்றது. அவன் கருணையை இரந்ததோடு நிற்கவில்லை. வேலை முடித்தேன், உடன் உழைத்தோர் சாட்சி என்றான். உடன்படிக்கை, விசுவாசம் என்னும் பெருஞ்சொற்களின் பொருளை அவன் வாயிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.